கொழும்பு ஆய்வுகூடங்களின் ‘காய்ச்சல் பெக்கேஜ்’: மலேரியா என்றால் எவ்வளவு தூரம் உதவும்?

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலும் காய்ச்சலோடு ஒருவர் ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தால், கவுண்டரில் பெரும்பாலும் ஒரு தொகுப்பைத்தான் நீட்டுவார்கள். எப்பிசி (இரத்தக் குழியங்களின் முழு எண்ணிக்கை), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது), டெங்கு என்எஸ் 1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடுவது), எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (ஈரல் நொதிகள்), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சிறுநீர் முழுப் பரிசோதனை என்று எல்லாம் ஒரே பில்லில். சில இடங்களில் யூறியாவும் சோடியம், பொட்டாசியமும் சேரும். பெயரும் விலையும் இடத்துக்கு இடம் மாறும், உள்ளடக்கம் அவ்வளவாக மாறாது. அதனால் இது ஒரு கடையைப் பற்றிய மதிப்புரை அல்ல. அந்தத் தொகுப்பைப் பற்றியது, குறிப்பாக மலேரியா என்ற கோணத்தில்.

முடிவை முதலில் சொல்கிறேன். டெங்குக்கு இந்தத் தொகுப்பு நல்ல பெறுமதி. எலிக்காய்ச்சலுக்குப் பரவாயில்லை. மலேரியாவுக்குப் பாதிதான். எந்த உறுப்பு அடிபட்டிருக்கிறது என்று காட்டும், அடிப்பது எது என்று காட்டாது. அதைக் காட்டும் முக்கியப் பரிசோதனையான மலேரியா ஸ்மியர், அதாவது இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது, பெரும்பாலும் தொகுப்பில் இருப்பதில்லை. நாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் இல்லை என்பதற்குக் காரணமும் உண்டு. இலங்கையில் உள்நாட்டிலேயே சுற்றிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. 1934–35 கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு அது சின்னச் சாதனை அல்ல. ஆனால் அதன் பிறகு படித்து வந்த இளம் டொக்டர்களில் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். நோயோ இன்னும் விமானத்தில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆபிரிக்காவுக்குப் போய்வரும் மாணிக்கக்கல் வியாபாரிகள், ஐ.நா. அமைதிப்படையில் இருந்து திரும்பும் படையினர், இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளர்கள், தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் யாத்திரை முடித்து வருபவர்கள் என்று பட்டியல் நீளும். சென்னை நகர மலேரியாவுக்குப் பேர்போன ஊர். சபரிமலைக்குப் போனவர்கள் தை மாதத்தில் திரும்பும்போது இங்கே டெங்கும் உச்சத்தில் இருக்கும். காய்ச்சல், தலையிடி, உடம்பு நோ, பிளேட்லெட் குறைவு என்றால் எல்லாருடைய கையும் டெங்கு ரெஸ்ட்டுக்குத்தான் நீளும்.

எண்கள் ஏன் மாறுகின்றன

ரிப்போர்ட்டை வாசிக்க வேண்டுமானால் ஒட்டுண்ணி உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், தொகுப்பின் பலமும் பலவீனமும் இதில்தான் கிடக்கின்றன.

மலேரியா ஒட்டுண்ணி செங்குழியத்துக்குள் இருந்து பெருகும். அதன் முக்கிய இனங்களான பல்சிபாரமும் வைவக்ஸும் ஏறத்தாழ 48 மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழியத்தை உடைத்து வெளியே வந்து அடுத்த குழியத்துக்குள் புகும். வைவக்ஸ் இளம் செங்குழியங்களை மட்டுமே தேடும், அதனால் இரத்தத்தில் அதன் எண்ணிக்கை ஓர் அளவோடு நிற்கும். பல்சிபாரத்துக்கு எந்த வயதுக் குழியமும் சரி. உயிரை எடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

பல்சிபாரத்துக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது புகுந்த செங்குழியத்தின் மேற்பரப்பில் பசைபோன்ற ஒரு புரதம் முளைக்கும். 48 மணி நேர வட்டத்தின் பிற்பாதியில் அந்தக் குழியம் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டத்திலிருந்து மறைந்துவிடும். மூளை, சிறுநீரகம், குடல், நுரையீரல் எங்கும் நுண்குழாய்கள் அடைபடும். பெருங்குழாய்களில் இரத்த அமுக்கம் சரியாக இருக்கும், கை கால் சூடாக இருக்கும், ஆனால் திசுவுக்கு ஒக்சிசன் போகாது. விரல் நுனியிலிருந்து எடுக்கும் துளியில் தெரிவது பெரும்பாலும் வளையப் பருவத்து இளம் ஒட்டுண்ணிகள்தான். உறுப்புகளுக்குள் ஒட்டிக் கிடப்பவை எண்ணிக்கையில் வராது. ஸ்மியரில் ஒட்டுண்ணி குறைவு, ஆனால் நோயாளி மோசம் என்ற முரண்பாடு இதனால்தான் வருகிறது.

இதிலிருந்து முதலில் மாறும் எண் லாக்டேட். ஒக்சிசன் கிடைக்காத திசு குளுக்கோஸைப் பாதியிலேயே உடைத்து லாக்டேட்டாக விடும். ஒட்டுண்ணியும் அதையேதான் செய்யும். அது ஒரு குளுக்கோஸை உடைத்து இரண்டு லாக்டேட்டை வெளியே தள்ளும், சாதாரண செங்குழியத்தை விடப் பல மடங்கு வேகத்தில். லாக்டேட்டைத் திரும்ப எடுத்துக் குளுக்கோஸாக்க வேண்டிய ஈரலும் சிறுநீரகமும் அடிபட்டிருப்பதால் அது இரத்தத்தில் தேங்கும். நாளக் குருதியில் லாக்டேட் லீற்றருக்கு 5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்றாலோ, அமிலத்தைச் சமன்செய்யும் பைகாபனேற் 15க்குக் கீழே என்றாலோ உலக சுகாதார நிறுவன வரையறைப்படி அது கடும் மலேரியா. மரண ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் இரசாயன அளவீடுகளில் இதற்கு நிகரானது குறைவு. காய்ச்சல் பெக்கேஜில் இது கிடையாது. வீதியோர ஆய்வுகூடங்களில் அதை ஒழுங்காகச் செய்யவும் முடியாது. இது தொகுப்பின் குறை என்பதை விட எல்லை என்று சொல்வதே நியாயம். நோயாளி மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறார், ஆனால் சளியோ இருமலோ இல்லை என்றால் அமிலம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த லாக்டேட்டைப் பார்த்து சேலைன் போத்தல்களை மளமளவென்று ஏற்றுவது இங்கே ஆபத்து. அடைபட்ட நுண்குழாய் திரவத்தால் திறக்காது. நீர் நுரையீரலில் போய்த் தங்கும், பெரியவர்களில் அது உயிரைப் பறிக்கும். டெங்கில் திரவக் கணக்கு ஒரு விதம், மலேரியாவில் இன்னொரு விதம். நோயை மாற்றி நினைத்தால் வைத்தியமே தீங்காகும்.

அடுத்தது குளுக்கோஸ். டெசிலீற்றருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது 2.2 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் கடும் நோய். ஒட்டுண்ணி குடிக்கிறது, ஈரலின் இருப்பு தீர்ந்துவிட்டது, புதிதாக ஆக்கவும் முடியவில்லை. சிறு பிள்ளைகளிலும் கர்ப்பிணிகளிலும் இது சட்டென்று இறங்கும். குயினின் ஏற்றினால் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைக் கூட்டுவதால் மேலும் இறங்கும். இப்போது முதல் மருந்தாக இருக்கும் ஆர்டிசுனேற்றில் அந்தச் சிக்கல் இல்லை. மயங்கிக் கிடப்பவருக்கு மூளை மலேரியா என்று முடிவுகட்டும் முன் விரலில் குத்திச் சீனி பார்ப்பது கட்டாயம். பெக்கேஜ்களில் சீனி பெரும்பாலும் ஒரு மூலையில்கூட இருப்பதில்லை.

சிறுநீரகத்தில் மூன்று அடி ஒன்றாக விழும். நுண்குழாய் அடைப்பு, உடைந்த குழியங்களிலிருந்து கொட்டிய ஈமோகுளோபின், காய்ச்சலாலும் வாந்தியாலும் வந்த நீரிழப்பு. கிரியேட்டினின் 3 மில்லிகிராமை, அதாவது 265 மைக்குரோமோலைத் தாண்டினால், அல்லது யூறியா 20 மில்லிமோலைத் தாண்டினால் கடும் நோய் என்று வரையறை. இங்கே அலகைக் கவனியுங்கள். கொழும்பில் ஓர் ஆய்வுகூடம் மில்லிகிராமிலும் இன்னொன்று மைக்குரோமோலிலும் ரிப்போர்ட் தரும். நேற்று 1.4, இன்று 160 என்று பார்த்துப் பதறுபவர்களும் உண்டு, 1.4ஐ 88ஆல் பெருக்கினால் 123 என்று கணக்குப் போட்டு உண்மையிலேயே ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவர்களும் உண்டு. ஒரே நோயாளிக்கு ஒரே ஆய்வுகூடம் என்று வைத்துக்கொள்வது இதனால் நல்லது. இன்னொன்று, சிறுநீரகம் அடிபட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிரியேட்டினின் முழுதாக ஏறும். முதல் நாள் எண் சரியாக இருந்ததை வைத்து நிம்மதியடைய முடியாது. சிறுநீர் அளவு அதற்கு முன்பே பேசிவிடும். நல்ல செய்தி என்னவென்றால் இந்தச் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. சில நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டாலும் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் திரும்பி வரும்.

கண்ணை மஞ்சளாக்கும் நிறப்பொருளான பிலிருபினில்தான் பெக்கேஜ் மிகவும் சறுக்குகிறது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டையும் போட்டுவிட்டு பிலிருபினை விட்டுவிடுவார்கள். மலேரியாவில் கண் மஞ்சளாவது முதலில் குழியம் உடைவதால், பிறகுதான் ஈரல் தளர்வதால். எனவே ஆரம்பத்தில் ஏறுவது ஈரல் இன்னும் பதப்படுத்தாத, அதாவது நேரடியல்லாத பிலிருபின். மொத்தப் பிலிருபினை மட்டும் தராமல் நேரடி, நேரடியல்லாதது என்று பிரித்துத் தரும் பரிசோதனையைக் கேளுங்கள், கூடுதல் செலவு சொற்பம். மொத்தம் 3 மில்லிகிராமைத் தாண்டி, ஒட்டுண்ணி மைக்குரோலீற்றருக்கு 100,000ஐயும் தாண்டினால் அது கடும் நோய். எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியை விடக் கூடுதலாக ஏறுவதற்கு ஒரு காரணம், எஸ்ஜிஓடி செங்குழியத்துக்குள்ளும் இருப்பது. உடைந்த குழியத்திலிருந்து அது வெளியே வரும். அதைப் பார்த்து ஈரல் கருகிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால் மலேரியா மட்டும் காரணமாக இருக்காது, டெங்கையோ ஈரல் அழற்சியையோ தேட வேண்டும்.

எல்டிஎச் என்ற நொதி குழிய உடைவின் நல்ல அளவுகோல். பெக்கேஜில் இல்லை, ஆனால் தனியாகக் கேட்டால் பல இடங்களில் செய்வார்கள். சோடியம் 130க்குச் சற்று மேலேயோ கீழேயோ இறங்குவது சாதாரணம், பெரும்பாலும் நோய் தீரத் தீரத் தானே சரியாகும். அல்புமினும் கல்சியமும் இறங்கும், அவற்றுக்காகத் தனியாகக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

டெங்கா, எலிக்காய்ச்சலா, மலேரியாவா

கொழும்பில் இந்தக் கேள்விதான் உண்மையான கேள்வி. மூன்றிலும் பிளேட்லெட் இறங்கும். மலேரியாவில் 50,000க்குக் கீழே போவதும் புதினமல்ல, ஆனாலும் இரத்தம் கசிவது அரிது. எனவே பிளேட்லெட் எண்ணைத் தனியாகப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

பக்கத்திலேயே இருக்கும் ஹிமற்றோகிரிட்டை, அதாவது இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கைப் பாருங்கள். டெங்கில் குருதித் திரவம் வெளியே கசிவதால் அது ஏறும். மலேரியாவில் குழியம் உடைவதால் நாளுக்கு நாள் இறங்கும். ஒரு ரிப்போர்ட்டில் இது தெரியாது, இரண்டாவது எப்பிசியில் தெரியும். பெக்கேஜின் எல்லாப் பகுதிகளையும் திரும்பச் செய்வதை விட, எப்பிசியை மட்டும் மறுநாள் அதே இடத்தில் செய்வது காசுக்கும் நல்லது, அறிவுக்கும் நல்லது.

எலிக்காய்ச்சல்தான் கூடுதலாக ஏமாற்றும். மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும் மலேரியாவைப் போலவே ஒன்றாக வரும். ஆனால் அங்கே ஏறுவது பெரும்பாலும் நேரடிப் பிலிருபின். வெள்ளைக் குழியங்கள், குறிப்பாக நியூற்றோபில், கூடும். மலேரியாவில் வெள்ளைக் குழியங்கள் வழக்கமாகச் சாதாரண அளவிலோ குறைந்தோ இருக்கும். எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் தசை நோவோடு தசை நொதியான சிபிகே ஏறும். சிறுநீரகம் பழுதாகியும் பொட்டாசியம் ஏறாமல் இருப்பதோ இறங்குவதோ எலிக்காய்ச்சலின் கைரேகை. டெங்கில் கிரியேட்டினின் அதிர்ச்சி நிலை வரும்வரை பெரும்பாலும் அசையாது.

தொகுப்பில் யாரும் கண்டுகொள்ளாத நல்ல சாமான் ஒன்று இருக்கிறது, சிறுநீர் முழுப் பரிசோதனை. டிப்ஸ்டிக்கில் இரத்தம் மூன்று பிளஸ், நுணுக்குக்காட்டியில் செங்குழியம் இல்லை என்று வந்தால் அது முழு இரத்தமல்ல. கரைந்த ஈமோகுளோபின், அல்லது தசையிலிருந்து வந்த மயோகுளோபின். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில், கண் மஞ்சளாக, சிறுநீரில் யூறோபிலினோஜென் கூடி, பிலிருபின் இல்லாமல் இருந்தால் குழியம் உடைவது உறுதி. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வாசிக்கும் ஒருவர் என்எஸ் 1 நெகட்டிவ் என்பதை விட நூறு மடங்கு பயனுள்ள தகவலைப் பெறுவார். பல ரிப்போர்ட்டுகளில் அவை ஒன்றுக்கொன்று மேலே கீழே அச்சாகி, யாரும் பார்க்காமலே கோப்புக்குள் போய்விடுகின்றன.

சிஆர்பி மலேரியாவில் நன்றாக ஏறும். பக்டீரியாத் தொற்றிலும் ஏறும். அதைப் பார்த்து அன்டிபயோடிக் தொடங்கி மூன்று நாள் பறிபோவதுதான் மிச்சம்.

குழாயும் நேரமும்

ஒரே குத்தில் எடுத்த இரத்தம் எந்தக் குழாயில் போகிறது, எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதில்தான் ஆய்வுகூடங்களுக்கிடையே உண்மையான தரவேறுபாடு தெரியும். ஊதா மூடிக் குழாய் எப்பிசிக்கும் ஸ்மியருக்கும். மஞ்சள் அல்லது சிவப்பு மூடி இரசாயனத்துக்கு. சாம்பல் மூடி சீனிக்கும் லாக்டேட்டுக்கும்.

சீனியைச் சாதாரணக் குழாயில் எடுத்து மேசையில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும், ஏனென்றால் குழியங்கள் குழாய்க்குள்ளும் குடித்துக்கொண்டே இருக்கின்றன. ஒட்டுண்ணி நிறைந்த இரத்தத்தில் இன்னும் வேகமாகக் குறையும். சாம்பல் மூடிக் குழாய்கூட முதல் ஒரு மணிநேரத்துக்கு அதை முழுமையாக நிறுத்தாது. கிளைகளில் இரத்தம் எடுத்து வேறிடத்தில் உள்ள தலைமை ஆய்வுகூடத்துக்கு மோட்டார் சைக்கிளில் அனுப்பும் முறை கொழும்பில் பரவலாக இருக்கிறது. காலையில் எடுத்த இரத்தம் மதியம் இயந்திரத்தில் ஏறும். மாதிரியை எங்கே செய்கிறீர்கள், எத்தனை மணிக்குப் பிரிப்பீர்கள் என்று கவுண்டரில் கேட்டால் தெளிவான பதில் வர வேண்டும். வராத இடத்தில் சீனியும் லாக்டேட்டும் எடுக்காதீர்கள். வீட்டில் குளுக்கோமீற்றர் இருந்தால் அதுவே மேல், ஆனால் கடுமையான இரத்தச்சோகையில் அது உண்மையை விடக் கூடுதலாகக் காட்டும். 65 என்று காட்டினால் உண்மையில் அதற்கும் கீழே இருக்கலாம்.

மாதிரி சிவந்து போயிருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும் என்ற செய்தி வந்தால், அது ஊசிக் கோளாறா உடலுக்குள்ளேயே உடைந்த குழியமா என்ற கேள்வி எழ வேண்டும். ஊசிக் கோளாறு என்றால் பொட்டாசியமும் எல்டிஎச்சும் எஸ்ஜிஓடியும் பொய்யாக ஏறும், இரண்டாவது குத்தில் சரியாகிவிடும். இரண்டாவது மாதிரியும் சிவப்பு, சிறுநீரும் கறுப்பு என்றால் நோயாளியின் உடலுக்குள்தான் உடைகிறது. நல்ல ஆய்வுகூடம் அந்த நேரத்தில் மூன்றாவது குத்துக்குக் கூப்பிடாமல் டொக்டரைத் தொலைபேசியில் அழைக்கும். மஞ்சள் கூடிய குருதியில் சில கிரியேட்டினின் முறைகள் உண்மையை விடக் குறைத்துக் காட்டும் என்பதையும் டொக்டர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கண்ணாடித் தகடு

எப்பிசி இயந்திரம் ஒட்டுண்ணியைத் தேடுவதில்லை. சில இயந்திரங்கள் விசித்திரமான புள்ளிக்கோலத்தைக் காட்டி எச்சரிக்கும், அதைப் பார்த்துத் தகடு போடும் ஆள் இருந்தால்தான் பயன். எனவே ஸ்மியரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், தடித்த படலம், மெல்லிய படலம் இரண்டும் வேண்டும் என்று.

தடித்த படலத்தில் இரத்தம் கூடுதல், ஒட்டுண்ணி கண்ணில் படும் வாய்ப்பும் கூடுதல். அதை மெதனோலில் பதப்படுத்தக் கூடாது, செங்குழியங்கள் கரைந்து ஒட்டுண்ணி மட்டும் மிஞ்ச வேண்டும். மெல்லிய படலத்தை மெதனோலில் பதப்படுத்துவார்கள், இனத்தை அதில்தான் அடையாளம் காண்பார்கள். ஜிம்சா சாயம் 3 சதவீதத்தில் 30 முதல் 45 நிமிடம், அவசரமென்றால் 10 சதவீதத்தில் 10 நிமிடம், நீரின் பிஎச் 7.2. பிஎச் இறங்கினால் சாயம் சிவந்து, ஒட்டுண்ணியின் நீலம் மங்கும். ஊதா மூடிக் குழாயில் மணிக்கணக்கில் கிடந்த இரத்தத்தில் ஒட்டுண்ணி உருமாறிவிடும், வைவக்ஸின் புள்ளிகள் மறையும். ஓரிரு மணித்தியாலத்துக்குள் தகடு போட்டிருக்க வேண்டும். எண்ணெய் விட்டுப் பார்க்கும் நுணுக்குக்காட்டி வில்லையில் தடித்த படலத்தின் 100 பார்வைப் புலங்களையாவது பார்த்த பிறகே இல்லை என்று எழுதலாம்.

ரிப்போர்ட்டில் ‘மலேரியா பொசிட்டிவ்’ என்று மட்டும் இருந்தால் அது அரைவாசி வேலை. எந்த இனம், எந்தப் பருவம், எத்தனை என்று இருக்க வேண்டும். எண்ணிக்கையை 200 வெள்ளைக் குழியங்களுக்கு எத்தனை ஒட்டுண்ணி என்று எண்ணிப் பெருக்கி எடுப்பார்கள். 200க்கு 500 என்றால், வெள்ளைக் குழியம் 8,000 என்று எடுத்துக்கொண்டு மைக்குரோலீற்றருக்கு 20,000 என்று எழுதுவார்கள். ஆனால் அதே நோயாளியின் எப்பிசியில் வெள்ளைக் குழியம் 4,000 என்று இருந்தால் உண்மையான எண் 10,000. இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே கட்டடத்தில் இருந்தும் சேர்த்துப் பார்க்காமல் எழுதுவது கவலைக்குரியது. பல்சிபாரம் செங்குழியங்களில் 10 சதவீதத்தைத் தாண்டினால் வேறெந்த அறிகுறியும் இல்லாமலே கடும் நோய்.

துரித சோதனைக் கிட் பதினைந்து இருபது நிமிடத்தில் பதில் தரும், ஸ்மியருக்குத் துணையாக நல்லது, மாற்றாக அல்ல. எண்ணிக்கை சொல்லாது. பல்சிபாரத்தின் எச்ஆர்பி 2 புரதத்தைத் தேடும் கிட், நோய் குணமாகிப் பல வாரம் கழித்தும் பொசிட்டிவ் காட்டும். ஆபிரிக்காவின் சில பகுதிகளில் அந்தப் புரதமே இல்லாத ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன, அவற்றை இந்தக் கிட் தவறவிடும்.

ஒரு ஸ்மியர் நெகட்டிவ் என்பதோடு நிறுத்தவும் கூடாது. 12 முதல் 24 மணித்தியால இடைவெளியில் மூன்று தகடாவது பார்க்க வேண்டும். காய்ச்சல் ஏறும்வரை காத்திருந்து எடுக்கத் தேவையில்லை, உடனே எடுங்கள்.

நாரஹேன்பிட்டி

இவ்வளவையும் இலவசமாக, நாட்டிலேயே அனுபவம் கூடியவர்களின் கண்ணால் செய்துதரும் இடம் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் இருக்கும் மலேரியா எதிர்ப்பு இயக்கத் தலைமையகம். தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நோய் அரிதாகிப்போன நாட்டில் ஸ்மியர் வாசிப்பது கைவிட்டுப்போகும் கலை, அதை அங்கே விடாமல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 24 மணிநேரத் தொலைபேசிச் சேவையும் உண்டு, டொக்டர்களும் அழைக்கலாம். மலேரியா அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால் தனியார் ஆய்வுகூடத்தில் பொசிட்டிவ் வந்தாலும் செய்தி அங்கே போகத்தான் வேண்டும். மருந்தும் அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும், மருந்துக் கடையில் தேடி அலையாதீர்கள். நோயாளியை வைத்தியசாலையில் அனுமதித்தே மருந்து தொடங்குவார்கள். பயணத்துக்கு முன் போனால் தடுப்பு மருந்தும் இலவசம். மெபுளோகுயின் என்றால் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே வாரம் ஒரு முறை தொடங்கி, திரும்பி வந்து நான்கு வாரம் வரை விழுங்க வேண்டும். டிக்கட் கையில் வந்த அன்றே போவது உத்தமம், விமானம் ஏறுவதற்கு முதல் நாள் போனால் பிந்திவிடும்.

எந்தக் கவுண்டரானாலும், கடந்த ஒரு வருடத்தில் எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், கேட்க மாட்டார்கள். வைவக்ஸ் ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும்பும். ஆடியில் வரும் காய்ச்சலுக்கு மார்கழி யாத்திரை காரணமாக இருக்கலாம்.

என்னுடைய பரிந்துரை இது. பயணம் போய் வந்தவர் பெக்கேஜை அப்படியே வாங்க வேண்டாம். எப்பிசி, கிரியேட்டினின், பிரித்த பிலிருபின், எல்டிஎச், சிறுநீர் முழுப் பரிசோதனை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்மியரை அன்றே நாரஹேன்பிட்டியிலோ அரச வைத்தியசாலையிலோ போடுங்கள். டெங்குக் காலமென்றால் என்எஸ் 1ஐயும் சேருங்கள், இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருக்கலாம். தடுமாற்றம், ஆழ்ந்த மூச்சு, கறுத்த சிறுநீர், சிறுநீர் குறைவு, மஞ்சள் கண் இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆய்வுகூடத்தைத் தாண்டி நேரே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ அங்கொடை தொற்றுநோய் வைத்தியசாலைக்கோ போங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு

வீடு வந்த பிறகும் சில எண்களைத் தொடர வேண்டும். ஆர்டிசுனேற் ஊசி ஏற்றியவர்களில் சிலருக்கு ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, ஒட்டுண்ணி ஒன்றுகூட இல்லாத நிலையில் குழியங்கள் மறுபடி உடையும். மருந்து ஒட்டுண்ணியைக் கொன்றபோது மண்ணீரல் அந்தப் பிணத்தை மட்டும் பிடுங்கிவிட்டுக் குழியத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும். அந்தக் குழியங்களுக்கு ஆயுள் குறைவு, ஒரே சமயத்தில் உதிரும். ஈமோகுளோபினையும் எல்டிஎச்சையும் நான்கு வாரத்துக்கு வாரம் ஒரு முறை பார்த்தால் போதும், பெக்கேஜ் வேண்டாம்.

ஈரலில் உறங்கும் வைவக்ஸுக்கு 14 நாள் பிரிமாகுயின் கொடுப்பதற்கு முன், செங்குழியத்தைக் காக்கும் நொதியான ஜி6பிடி குறைவா என்று பார்க்க வேண்டும். குழியம் உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தால் புதிய இளங்குழியங்களின் நொதியால் குறைபாடு மறைந்து, பொய்யாகச் சரி என்று வரக்கூடும். எடுத்த திகதியைக் குறித்து வைத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

நீரிழிவுக்காரர்கள் குணமான கையோடு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டுவது) எடுக்க வேண்டாம். பழைய குழியங்கள் உடைந்து புதியவை வந்திருப்பதால் அது சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதுபோல் குறைத்துக் காட்டும், இரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். மூன்று மாதம் போகட்டும், அதுவரை வெறும் வயிற்றுச் சீனியையே சாம்பல் மூடிக் குழாயில் பார்த்துக்கொள்ளுங்கள்.